ஊசி போடாத மிஸ்ஸி

அத்தியாயம் 9

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு மீனம்மா கேட்ட அந்தக் கேள்வியோடுதான் போன வாரம் பரிமளத்தை விட்டுவிட்டு வந்தோம். பாவம், அன்று இரவு அவள் பொட்டுக் கண் மூடவில்லை.

“கந்தப்பளைப் புள்ள வேலைக்குச் சேர்ந்துருச்சாமே அக்கா. ஒண்ணாத்தானே படிச்சாங்க? நம்ம மிஸ்ஸி மட்டும் இன்னும் லீவுலயா இருக்கு?”

கேட்டவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பரிமளம்தான் தன் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக நாலு வரி. லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே பரிமளம் கொழுந்து பறிக்கிறாள்; அவள் புருஷன் நாகலிங்கம் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறார். மகள் தர்ஷிகா உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, வர்த்தமானி பார்த்து விண்ணப்பம் போட்டு, நேர்முகப் பரீட்சையில் தட்டுத்தடுமாறிச் சிங்களம் பேசி, அரசாங்கத் தாதியர் கல்லூரியில் இடம் பிடித்தவள். மூன்று வருடப் படிப்பு. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவள் ஊர் வந்த அன்று, லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் முடக்கில் அவளுடைய படத்தோடு ஆளுயரப் பதாகை ஒன்று தொங்கியது. ‘எமது தோட்டத்தின் முதல் தாதி’ என்று கொட்டை எழுத்து. காசு போட்டு அடித்து, தானே ஏறிக் கட்டியவன் அத்தை மகன் கிஷாந்த்.

“இன்னும் ரிசல்ட்டே வரலப்பா. கழட்டச் சொல்லுங்கப்பா” என்று தர்ஷிகா கெஞ்சினாள்.

“எல்லாம் வந்த மாதிரிதான் புள்ள” என்று நாகலிங்கம் மாலையைத் தூக்கி அவள் கழுத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தோட்டத்துக்கே அவள் மிஸ்ஸி, அதாவது நேர்ஸம்மா.

ரிசல்ட் வந்தது. பாஸ்தான். லயம் முழுக்கப் பால்சோறு கொடுத்தார்கள். பாஸ் பண்ணின பிள்ளை வேலைக்குப் போகவேண்டுமா இல்லையா? அதுதான் இல்லை. கல்லூரிக்கு ஒரு தடவை போனாள். போன வேகத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். “லீவு” என்றாள். எத்தனை நாள் லீவு, எதற்கு லீவு, ஒன்றும் இல்லை. வெள்ளை உடுப்பு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. போன் அடித்தால் எழுந்து பீலிக்கரைப் பக்கம் போய்விடுகிறாள். அங்கே நின்று சிங்களத்தில் பேசுகிறாள். பேசிவிட்டு வரும்போது மூக்கு சிவந்திருக்கிறது.

பெற்றவள் என்னதான் நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

“யாரோ பையன் இருக்கான்” என்று பரிமளம் இரவு புருஷன் காதில் ஓதினாள். “சிங்களப் பையனோ என்னமோ. இல்லாட்டி அந்த ரிசல்ட்டே பொய்யா இருக்கணும்.”

“நீ என்னா, பொலிஸ்ல வேலை பாக்குறியா? பேசாமப் படு” என்று நாகலிங்கம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்த மனிதருக்குத் தலைக்கு மேல் கம்பளி வந்துவிட்டால் உலகத்தில் ஒரு பிரச்சினையும் கிடையாது.

விடிந்தது. தர்ஷிகா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பரிமளம் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டே மெதுவாகக் கல்லைப் போட்டுப் பார்த்தாள்.

“கந்தப்பளைப் புள்ளைக்கு வேலை கெடச்சிருச்சாம்.”

“ம்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஒனக்கு?”

தர்ஷிகா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “வியாழக்கிழமை கல்லூரிக்குப் போறேன்மா. போயிட்டு வந்து எல்லாம் சொல்றேன்.”

“என்னாத்த சொல்லப்போற? இப்பவே சொல்லேன்.”

“பெரட்டுல பேர் கூப்புடுற நேரமாச்சு. போம்மா.”

மகளின் கண்ணில் தண்ணீர் நின்றது. புகையால் வந்ததா வேறெதனாலா, பரிமளத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

அன்றைக்குக் கொழுந்து ஏழாம் நம்பர் மலையில். பரிமளத்துக்குப் பக்கத்து நிரையில் அவளுடைய நாத்தனார் வீரம்மா. நாகலிங்கத்தின் அக்காள். புருஷன் இல்லாமல் ஒற்றையாளாகக் கிஷாந்தை வளர்த்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள் என்று பரிமளம் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

“என்னா பரிமளம், மொகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“மிஸ்ஸிக்கு எப்ப வேலையாம்?”

ஆக, இவளுக்கும் அதே கேள்வி. பரிமளம் காது கேட்காதவள் போல ஒரு பிடி கொழுந்தைப் பின்னால் வீசினாள்.

“வேலை கீலைன்னு தூரமாப் போயிருச்சுன்னா புள்ளைய நாம கண்ணுல பாக்கவும் முடியாது” என்றாள் வீரம்மா. “நம்ம கிஷாந்தும் நாள் பூரா ஆட்டோவுலயே கெடக்கான். முறைப்பொண்ணு வீட்டுல இருக்கு, காலாகாலத்துல பேசி முடிச்சா என்னான்னுதான் நானும் கேக்குறேன். நீங்கதான் பிடி குடுக்க மாட்டேங்குறீங்க.”

“அது வேலைக்குப் போகட்டும் அண்ணி, அப்புறம் பாப்போம்.”

“அப்புறம் மிஸ்ஸிக்கு ஆட்டோக்காரன் கண்ணுக்குத் தெரிவானா?” என்று வீரம்மா சிரித்தாள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் மேல் நிரையில் யாரோ “குளவி! குளவி!” என்று கத்தினார்கள். வாகை மரத்துக் கூட்டை எதுவோ கலைத்திருக்கிறது. கழுகோ காற்றோ, யார் கண்டது? கூடைகள் உருள, பெண்கள் சரிவில் விழுந்தடித்து ஓடினார்கள். பரிமளம் படங்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு வடிகால் கானுக்குள் விழுந்து படுத்துவிட்டாள். காதுக்குப் பக்கத்தில் ஒன்று, முழங்கையில் இரண்டு கொட்டின. அதற்கே உயிர் போய் வந்தது.

இரைச்சல் அடங்கித் தலையைத் தூக்கிப் பார்த்தபோது வீரம்மா செடிக்கு நடுவில் மல்லாந்து கிடந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. உதடு தடித்துத் தொங்கியது.

“அண்ணி! ஐயோ, அண்ணி!”

படங்கிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையாவும் நாலு ஆம்பிளைகளும் டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். அங்கே போனால் டாக்டர் ஐயா இல்லை. அவருக்கு இந்தத் தோட்டத்தோடு பக்கத்துத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு அங்கே போயிருந்தார். இருந்தவன் உதவியாள் மாயாண்டி மட்டும்தான். கதவைத் திறக்க அவனால் முடிந்தது. ஆனால் இரும்பு மருந்து அலுமாரியின் சாவி ஐயாவின் பையில் போயிருந்தது.

“நம்ம மிஸ்ஸி இருக்கே! மிஸ்ஸியக் கூப்புடுங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சத்தம் கேட்டுத் தர்ஷிகா செருப்புக்கூடப் போடாமல் படியேறி ஓடி வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே, எங்கிருந்தோ தகவல் கேள்விப்பட்டு, கிஷாந்தும் ஆட்டோவை நடுரோட்டில் போட்டுவிட்டு வந்தான்.

“எல்லாரும் தள்ளுங்க. காத்து வரட்டும்.”

அந்தக் குரலைப் பரிமளம் அதுவரை கேட்டதே இல்லை. அது வீட்டில் ரொட்டி தட்டுகிற பிள்ளையின் குரலாக இல்லை. தர்ஷிகா வீரம்மாவைத் தரையில் நேராகக் கிடத்தி, காலுக்கடியில் கொழுந்துச் சாக்குகளைத் திணித்து உயர்த்தினாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். சுண்ணாம்பு கொண்டு வந்த கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் கொடுக்க வந்த மீனம்மாவை, “வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது அக்கா, பொரையேறிரும்” என்று நிறுத்தினாள். ஒரு கையால் போனை எடுத்து அம்புலன்ஸ் நம்பர் 1990-க்கு அடித்து, மூச்சு விடாமல் சிங்களத்தில் சொன்னாள். இந்தத் தடவை அந்தச் சிங்களம் பரிமளத்துக்கு ஆறுதலாக இருந்தது.

“அம்புலன்ஸ் மேல ஏறி வர நேரமாகும். கொழுந்து லொறிய எடுங்க. நாம மெயின் ரோட்டுக்கு எறங்குவோம், அங்க வந்து ஏத்துறாங்க.”

அப்போதுதான் மாயாண்டி உள்ளேயிருந்து ஓடி வந்தான். கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பியும் ஊசியும்.

“மேசை லாச்சியில கெடந்துச்சு மிஸ்ஸி. போன தடவை குளவி கொட்டினப்ப ஐயா இதத்தான் போட்டாரு. போடுங்க, சட்டுனு போடுங்க.”

தர்ஷிகா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த கடுதாசி பாதி கிழிந்திருந்தது.

“குளவிக் கொட்டுக்குப் போடுற அட்ரினலின் இருக்கா அண்ணே?”

“அதெல்லாம் அலுமாரிக்குள்ள. இதுதான் இருக்கு.”

“இது வேணாம்.”

“என்னா வேணாம்?” கிஷாந்த் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. “தர்ஷி, அம்மா மூச்சு விடமுடியாமக் கெடக்காங்க. ஊசி போடு.”

“இது என்னா மருந்துன்னே தெரியல கிஷாந்த். நான் போட மாட்டேன்.”

“மூணு வருஷம் என்னாத்தப் படிச்ச? போடு தர்ஷி! ஒன் கால்ல வேணாலும் விழுறேன்!” அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

தர்ஷிகா கையை விடுவித்துக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பக்கத்தில் நின்ற பரிமளத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

“போட்டா இதையும் படம் புடிப்பியா?”

கிஷாந்த் ஒரு அடி பின்னால் போனான்.

இது என்ன பேச்சு? எந்தப் படம்? பரிமளத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அது நேரமும் இல்லை. சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“போர்டு மட்டும் பெரிசா கட்டி வச்சாங்க.”

“ஊசி போடத் தெரியாத மிஸ்ஸியா?”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே, என்னமோ இருக்குன்னு” என்றாள் மீனம்மா.

பரிமளத்துக்கு முகம் எரிந்தது. குளவி கொட்டிய எரிச்சலை எல்லாம் இது தோற்கடித்துவிட்டது. மகளிடம் போய்க் குனிந்தாள்.

“போட்டுரும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும். ஊரே பாக்குது.”

“மாட்டேன்மா.”

“அப்ப நீ நேர்ஸ் இல்லையா?” கேட்டே விட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது, போயும் போயும் அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால் வெளியே வந்துவிட்டது.

தர்ஷிகா அம்மாவைப் பார்க்கவில்லை. அத்தையின் நாடியைப் பிடித்தபடியே, “இல்லம்மா. இன்னும் இல்ல” என்றாள்.

அதற்குள் லொறி வந்து நிற்க, வீரம்மாவோடு அம்மாவும் மகளும் ஏறிக்கொண்டார்கள்.

மெயின் ரோட்டில் அம்புலன்ஸ் காத்திருந்தது. ஏற்றியதுமே அதிலிருந்த பையன், போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே, வீரம்மாவின் தொடையில் ஊசியைப் போட்டான். ஒட்சிசன் வைத்தான். நானுஓயாவைத் தாண்டும்போது வீரம்மா கண்ணைத் திறந்து, “கூடை எங்க?” என்று கேட்டாள். பரிமளம் வாய்விட்டு அழுதாள். தர்ஷிகா அம்புலன்ஸ் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் வீரம்மாவை வார்டுக்குள் கொண்டுபோன பிறகு, அம்மாவும் மகளும் வெளி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். பரிமளத்தின் முழங்கைக்கும் மருந்து போட்டிருந்தார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

“இப்ப சொல்லு. பெயிலா?”

“பாஸ்தான்மா. சத்தியமா.”

“பையன் யாரும்?”

“அட போம்மா!” இத்தனை கலவரத்திலும் தர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது.

“அப்ப ஏன் அத்தனை பேர் முன்னால நேர்ஸ் இல்லன்னு சொன்ன?”

“உண்மையத்தான் சொன்னேன். மூணு வருஷம் படிச்சாலும், சோதனை பாஸ் பண்ணினாலும், தாதியர் சபையில பேரைப் பதியணும். பதிஞ்சு ஒரு நம்பர் குடுப்பாங்க. அந்த நம்பர் வந்தாத்தான் நேர்ஸ். அதுவரைக்கும் நான் படிச்ச புள்ள, அவ்வளவுதான். சபைக்குப் பேர் போறதுக்கு, நல்ல புள்ளைன்னு கல்லூரி மேடம் கையெழுத்து வைக்கணும். என் கூடப் படிச்ச எல்லாருக்கும் வச்சிட்டாங்க. எனக்கு மட்டும் வைக்கல.”

“ஏனாம்?”

“என் மேல பெட்டிசம் போயிருக்கும்மா.”

பெட்டிசம்! தோட்டத்தில் ஒருவரைக் கவிழ்க்க வேண்டுமென்றால் சண்டைக்கு வரமாட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவார்கள். கணக்கப்பிள்ளை முதல் கோயில் தலைவர் வரைக்கும் பெட்டிசத்தில் விழாத ஆள் யார்? ஆனால் ஒரு பெண்பிள்ளை மேலேயா?

“என்னான்னு?”

“பதிவு இல்லாம நான் லயத்துல ஊசி போடுறேனாம். காசு வாங்குறேனாம். நேர்ஸ்னு போர்டு கட்டி ஆள் புடிக்கிறேனாம். அந்தப் போர்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. நான் ஊசி போடுற படமும் ஒண்ணு.”

“நீ எப்ப யாருக்கு ஊசி போட்ட?”

“அத்தைக்கு. மறந்துட்டியா?”

பரிமளம் மறக்கவில்லை. போர்டு கட்டிய அன்று சாயங்காலம். வீரம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுத்த இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வாள். அன்று விரலை வெட்டிக் கட்டுப் போட்டிருந்ததால் பிடிக்க முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, எழுதிக் கொடுத்த அளவு. வீட்டு ஆள் யாரும் போட்டுவிடலாம். தர்ஷிகா, “கிஷாந்தே போடட்டும், நான் காட்டிக் குடுக்கிறேன்” என்றுதான் சொன்னாள். “மிஸ்ஸி இருக்கும்போது அவன் என்னாத்துக்கு? நீ போடு புள்ள” என்று பிடித்துத் தள்ளியது யார்? சாட்சாத் பரிமளமேதான்.

“அது அவங்களோட சொந்த மருந்துதானே! போய்ச் சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேன். என் வாய்ப்பேச்சு பத்தாதாம். வியாழக்கிழமை விசாரணை. ஊசி போட்டுக்கிட்ட ஆளே நேர்ல வந்து, இது என் மருந்துதான், காசு வாங்கலன்னு சொன்னா முடிஞ்சிரும். இல்லாட்டி சபைக்கு என் பேரே போகாது. மூணு வருஷமும் தண்ணியில போட்டதுதான். அத்தைகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே புள்ள!”

“அப்பா மாலை போட்ட மொகத்தை நெனச்சா வாய் வரலம்மா.”

பரிமளம் மகளைத் தோளோடு இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அந்த மருந்துக் குப்பி நல்லதா இருந்திருந்தா? அதுக்கும் விசாரணைக்குப் பயந்து போட்டிருக்க மாட்டியா?”

“அட்ரினலின் இருந்திருந்தா, நேர்ஸ் நம்பராவது ஒண்ணாவது, அப்பவே போட்டிருப்பேன்மா. அத்தை செத்துக்கிட்டு இருந்தாங்க. என்னான்னு தெரியாத மருந்தைப் போட்டு நானே கொல்லவா?”

பரிமளத்துக்கு அந்த நிமிடம் மகளின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. கூடவே இன்னொரு கேள்வியும் குடைந்தது. அந்தப் பெட்டிசத்தை யார் போட்டது? மீனம்மாவா? அவளுக்கு வாய்தான் இருக்கிறது, எழுதப் படிக்க வராது. மாயாண்டியா? தன் வேலைக்கு ஆபத்து என்று நினைத்திருப்பானோ?

“படத்துல நீயும் இருக்கம்மா” என்றாள் தர்ஷிகா. “அத்தை தோளைப் புடிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கிற.”

பரிமளம் திடுக்கிட்டாள். சிரித்தது ஞாபகம் வந்தது. சிரிக்கச் சொன்ன குரலும் ஞாபகம் வந்தது. ‘மாமி, இந்தப் பக்கம் பாத்துக் கொஞ்சம் சிரிங்க.’ அவளும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ‘நல்லா எடுடா தம்பி, தோட்டமே பாக்கட்டும்’ என்று சொல்லியிருந்தாள்.

“கிஷாந்த்.”

“எடுத்தது அவன்தான்னு எனக்கும் தெரியும். அனுப்பினது யாருன்னு தெரியல. அவன்கிட்ட இருந்து எத்தனை போனுக்குப் போச்சோ. பெட்டிசம் போட்டவங்க பேரை மேடம் சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

‘வேலை கீலைன்னு தூரமாப் போயிருச்சுன்னா...’ காலையில் வீரம்மா பறித்துக்கொண்டே சொன்னது பரிமளத்தின் காதில் திரும்பக் கேட்டது.

பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தார்கள். வீரம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வற்றவில்லை, பேச்சு வந்துவிட்டது. தர்ஷிகா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி விசாரணை விஷயத்தைச் சொன்னாள்.

“அடப் பாவிகளா!” வீரம்மா எழுந்திருக்கவே பார்த்தாள். “என் உசுரக் காப்பாத்துன புள்ள மேல பெட்டிசமா? எந்த நாசமாப் போனவன் போட்டான்? வியாழக்கிழமை என்னா, இன்னைக்கே வாறேன். அது என் மருந்துதான், என் புள்ள மாதிரி போட்டுவிட்டுச்சுன்னு எந்த மேடம் முன்னாலயும் சொல்றேன்.”

அந்த நேரம் பார்த்துக் கிஷாந்த் உள்ளே வந்தான். கையில் சீனி போடாத தேத்தண்ணி. அம்மாவின் பேச்சு அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு எட்டவே நின்றுவிட்டான்.

“யாருன்னு ஒனக்கு ஏதும் தெரியுமா பரிமளம்?” என்று கேட்டாள் வீரம்மா.

பரிமளம் கிஷாந்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இங்கே வைத்துப் போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால்? பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய் விசாரணைக்கு வருவாள்? தர்ஷிகாவின் மூன்று வருடமும் இப்போது இந்தக் கட்டிலில் கிடக்கிறவளின் வாயில் அல்லவா இருக்கிறது?

“தெரியல அண்ணி” என்றாள். நாக்கு கசந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். எதிர்பார்த்தது போலவே அவனும் பின்னால் வந்தான். ஒதுக்குப்புறமாகப் போய் நின்றாள்.

“நீதானே?”

கிஷாந்துக்கு அழுகை முட்டியது. “அவளை அழிக்கணும்னு போடல மாமி. கொஞ்ச நாள் வேலை தள்ளிப் போகட்டும்னுதான் போட்டேன். வேலை கெடச்சுப் போயிட்டா என்னைத் திரும்பிப் பாப்பாளா? போர்டைக் கட்டுறப்பவே எனக்கு விளங்கிருச்சு. இவ்வளவு பெரிசாப் போகும்னு தெரியாது. இன்னைக்கு அவ கேட்டா பாத்தீங்களா, படம் புடிப்பியான்னு... அப்பவே நான் செத்துட்டேன்.”

ஓங்கி அறையத்தான் பரிமளத்தின் கை துடித்தது. கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

“நல்லாக் கேட்டுக்க. வியாழக்கிழமை விடியக்காலையில ஒன் ஆட்டோவுல ஒங்கம்மாவ நீதான் ஏத்திக்கிட்டு வாற. அண்ணி வந்து உண்மையச் சொல்லணும். சொன்னதுக்கப்புறம், இந்தப் பேச்சு என் வாயிலருந்து வெளிய போகாது. வராம இருந்த... மாமன் வீடுன்னு ஒண்ணு இருந்ததையே மறந்துரு.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா அங்க வந்தா பிரச்சினை மாமி.”

“என்னா பிரச்சினை?”

“பேரில்லாத பெட்டிசத்தை எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. ஊசி போட்டுக்கிட்ட ஆளே எழுதுன மாதிரி இருந்தாத்தான் நம்புவாங்கன்னு... எழுதினது நான். கீழ கையெழுத்து வச்சது...”

“யாரு?”

“அம்மா.”

“அண்ணிகிட்ட என்னா சொல்லிக் கையெழுத்து வாங்கின? விஷயம் தெரிஞ்சா வச்சாங்க, தெரியாமயா?”

கிஷாந்த் முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டான்.

வார்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பரிமளம் உள்ளே பார்த்தாள். தர்ஷிகா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணிக்கொண்டிருந்தாள். வீரம்மா தன் வலது கையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி இருக்கிறாளா, பரிமளத்துக்குத் தெரியவில்லை.